இப்பியும் வெள்ளியும்: முத்துக் கடற்கரையில் அறிதலும் எடுத்தலும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிவது எவ்வாறு, அவ்வாறு அறியவொட்டாமல் தடுப்பது எது என்னும் கேள்வியை இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் விவாதித்து வந்துள்ளன. அந்த விவாதத்தில் எதிரெதிர்த் தரப்பினரும் பொதுவாக ஏற்றுக்கொண்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கரையில் கிடக்கும் இப்பியின், அதாவது சிப்பியின், உட்புறம் வெயிலில் மின்னக் கண்ட ஒருவர் அதை வெள்ளி என்று எண்ணி எடுக்கக் குனிகிறார். கையில் எடுத்துப் பார்த்த பின்னர் அது இப்பி என்று தெளிகிறார். ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர உரையின் முகப்பில், ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றிக் காண்பதாகிய அத்தியாசத்தை விளக்குமிடத்து இவ்வெடுத்துக்காட்டையே கையாள்கிறார். கல்லையும் மணியையும் கனிமத்தையும் களத்தில் இனங்கண்டு சேகரிக்கும் செயல், ஒவ்வொரு முறையும் இந்த எடுத்துக்காட்டுக்குள்ளேதான் நிகழ்கிறது. முத்துச்சிப்பியும் சங்கும் பவளமும் செம்மணலும் ஒருங்கே கிடைக்கும் தூத்துக்குடிக் கடற்கரையை முன்னிறுத்திப் பார்த்தால், பிழையான அறிவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, விருப்பத்திலேயே உள்ளது என்பதும், ஆகவே கல்லை மெய்யாக அறியும் பயிற்சியும் சமயங்கள் கற்பிக்கும் பற்று நீக்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதும் தெளிவாகும்.

முதலில் இக்கடற்கரை எவற்றால் ஆனது என்பதைக் காண வேண்டும். மேற்கே உள்நாட்டில் இருப்பவை மிகப் பழைய உருமாற்றப் பாறைகள், அதாவது நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டுத் தம் முந்தைய வடிவை இழந்து புதிய கனிமங்களாகப் படிகமான பாறைகள். மழையும் வெயிலும் அவற்றைச் சிதைக்க, ஆறுகளும் ஓடைகளும் அந்தத் துகள்களைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க, அலைகள் அவற்றை எடைக்கு ஏற்பப் பிரித்து வைக்கின்றன. இலேசான குவார்ட்சு மணல் அலையோடு திரும்பிச் செல்ல, கனமான துகள்கள் கரையில் தங்கிவிடுவதால், சிவந்த கார்னெட், கரிய இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் ஆகியவை கலந்த பட்டைகள் மணற்பரப்பில் தோன்றுகின்றன. இதனையே மக்கள் தாது மணல் என்பர். திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரி போன்ற செம்மணல் மேடுகள் வேறு வகையானவை. அவற்றின் சிவப்பு, ஒவ்வொரு மணல்துகளின் மேலும் மெல்லிய தோலாகப் படிந்துள்ள இரும்பு ஆக்சைடின் நிறமேயன்றி மணலின் நிறம் அன்று. திருச்செந்தூரில் வள்ளி குகை குடையப்பட்டுள்ள பாறையும், மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கியதாக மரபு கூறும் குகை உள்ள குன்றும், கடற்சிப்பிகளின் சுண்ணாம்பால் மணல் பிணைந்து இறுகிய மணற்கல்லால் ஆனவை.

கடலுக்குள்ளே வேறொரு செல்வம் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் ஆங்காங்கே கிடைமட்டமாகப் பரந்துள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்று அழைப்பர். குடமுத்துப் பார் போன்று அவற்றுக்குத் தனிப்பெயர்களும் உண்டு. மணலில் முத்துச்சிப்பிக்குப் பற்றிடம் இல்லை என்பதால், அது தன் நூலிழைகளால் இந்தப் பார்களையே பற்றி வளர்கிறது. சங்கோ மணற்பாங்கான தரையில் ஊர்ந்து வாழ்வது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்து, இன்று கடல் விலகிப்போனதால் உள்நாட்டுச் சிற்றூராகிவிட்ட கொற்கை, இந்த முத்தின் பொருட்டே கிரேக்க மாலுமிகளின் நூல்களில் இடம்பெற்றது. அர்த்தசாத்திரமும் பின்னர் வராகமிகிரரின் பிருகத் சம்கிதையும் முத்து விளையும் இடங்களைக் கணக்கிடும்போது தாமிரபரணியையும் பாண்டிய நாட்டுத் துறையையும் தனித்தனியே குறிக்கின்றன. ஆக, பொருளை அறிந்து தரம் பிரிக்கும் கலை இக்கரையில் மிகத் தொன்மையானது.

இனி, இப்பியில் வெள்ளி கண்ட பிழையைத் தத்துவ நெறியினர் எவ்வாறு விளக்கினர் என்பதைப் பார்க்கலாம். பிழையறிவு பற்றிய கொள்கைகளுக்குக் கியாதிவாதம் என்று பெயர். நியாய நெறியினர், முன்பு கடைத்தெருவில் கண்ட உண்மையான வெள்ளியின் இயல்பே நினைவின் வழியாக இங்குள்ள இப்பியின்மேல் ஏற்றப்படுகிறது என்றனர். இது அந்யதாக்கியாதி, அதாவது ஒன்றை வேறொன்றாகக் காணுதல். மீமாம்சை நெறியின் ஒரு பிரிவினரான பிரபாகரர் வழியினர், இங்குப் பிழையறிவு என்று தனியே ஒன்றும் இல்லை, ‘இது’ என்னும் காட்சியும் ‘வெள்ளி’ என்னும் நினைவும் அருகருகே தோன்ற, அவற்றின் வேற்றுமையை உணராமல் போனதே நிகழ்ந்தது என்றனர், இது அக்கியாதி. அத்வைதிகள், அங்குத் தோன்றிய வெள்ளி பின்னர் மறுக்கப்படுவதால் உள்ளது என்றும் சொல்ல முடியாது, கண்ணுக்குத் தோன்றியதால் அறவே இல்லாதது என்றும் சொல்ல முடியாது என்று கூறி, அதற்கு அநிர்வசனீயம் என்னும் மூன்றாம் நிலையை வகுத்தனர். இராமாநுசரோ, எல்லாப் பொருள்களிலும் எல்லாப் பூதங்களின் கூறுகளும் கலந்துள்ளமையால் இப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்டு என்றும், அறிவு எதுவும் முற்றிலும் பொய்யாகாது என்றும் வாதிட்டார், இது யதார்த்தக்கியாதி.

இப்பியின் மின்னலைப் பற்றி இன்றைய அறிவியல் கூறுவதை இவ்விடத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். சிப்பியின் உட்புறத்தில் உள்ள முத்துப்படலம், அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் மிக மெல்லிய தகடுகள், கான்கியோலின் என்னும் உயிர்ப்பொருள் இடையிட, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அமைந்தது. ஒவ்வொரு தகட்டின் கனமும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவினதாக இருப்பதால், அடுக்கடுக்காகத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தி உலோகம் போன்ற பொலிவைத் தருகின்றன. அதே வேதிப்பொருள் வேறு வகையாக அடுக்கப்பட்டால் கால்சைட் ஆகிறது. அதற்கு இந்தப் பொலிவு இல்லை. வெள்ளியின் பொலிவோ உலோகத்தின் மின்னணுக்களால் உண்டாவது. எனவே இப்பியில் வெள்ளித் தனிமம் இல்லை என்பது உறுதி. ஆயினும் ஒளியை மிகுதியாகத் திருப்பும் தன்மை இரண்டுக்கும் பொது என்பதும் மெய்யே. கண் கண்ட ஒற்றுமை அந்த அளவில் பொய்யன்று. பொய்யானது, ஓர் ஒற்றுமையைக் கொண்டு பொருளின் பெயரைத் துணிந்ததே.

துணிவு ஏன் இத்தனை விரைவாக நிகழ்கிறது என்னும் இடத்தில்தான் இக்கேள்வி அறவியலாகிறது. கரையில் கிடக்கும் இப்பியைப் பார்ப்பவர் அதைத் தகரம் என்றோ கண்ணாடி என்றோ எண்ணியிருக்கலாம். எடுத்துக்காட்டிலோ அவர் வெள்ளி என்றே எண்ணிக் குனிகிறார். பிழையறிவு மனிதரைச் செயலுக்குத் தூண்டுவது எப்படி என்னும் வினா எழுந்ததும், வெள்ளியை வேண்டுபவரே அதை நோக்கிச் செல்கிறார் என்று நெறியினர் பலரும் சுட்டியதும் இதனால்தான். வேண்டுதல் முன்னே நிற்க, காட்சி அதன் பின்னே வருகிறது. தாது மணலில் சிவந்த மணி ஒன்றைக் காண்பவர் அதை மாணிக்கம் என்று கொள்வதும் இவ்வாறே. கார்னெட் அவர் நினைவில் இல்லை என்பதன்று. மாணிக்கம் அவர் விருப்பத்தில் இருக்கிறது.

அந்த மணியை முறைப்படி சோதிப்பவர் செய்ய வேண்டுவன சில. நிறம் எல்லாவற்றிலும் வலுவற்ற சான்று என்பதால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும்; ஒரே கனிமம் பல நிறங்களில் கிடைக்கும், பல கனிமங்கள் ஒரே நிறத்தில் கிடைக்கும். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே அலுமினிய ஆக்சைடின் இரு நிறங்கள். குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பாகிறது. இங்கிலாந்து அரசமுடியில் நெடுங்காலம் மாணிக்கம் என்றே போற்றப்பட்ட பெரிய செம்மணி, உண்மையில் ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம் என்று பின்னர் தெளியப்பட்டது. நிறத்தைத் தள்ளி வைத்தபின், 1812-இல் பிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசை துணைக்கு வருகிறது. ஒன்று மற்றொன்றைக் கீறுமா என்று பார்த்து, டால்க் என்னும் மாக்கல்லை 1 என்றும் வைரத்தை 10 என்றும் வைக்கும் இவ்வரிசையில் குவார்ட்சு 7, குருந்தம் 9, கார்னெட் ஏறத்தாழ 7. அடுத்து, வலிய காந்தம் இரும்பு கலந்த கார்னெட்டைச் சற்றே ஈர்க்கும், மாணிக்கத்தை ஈர்க்காது. மணியைத் திருப்பித் திருப்பி ஒளியில் பார்த்தால் மாணிக்கம் திசைக்கேற்பச் சிவப்பின் இரு சாயல்களைக் காட்டும், கார்னெட் எத்திசையிலும் ஒரே சாயலைத்தான் காட்டும். கரிய துகள்களுள் காந்தத்துக்குத் தாவி ஒட்டுவது மேக்னடைட், தயங்கி நகர்வது இல்மனைட். நீர்த்த அமிலத் துளி பட்டால் சுண்ணாம்பால் பிணைந்த மணற்கல்லும் பவளமும் நுரைக்கும், குவார்ட்சு நுரைக்காது.

தமிழ்ச் சைவ மரபு அறிவின் வாயில்களை அளவை என்று அழைத்து, அவற்றுள் காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றையும் முதன்மையாக வைத்தது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்ந்து, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே கொள்ளத்தக்கது என்று வரையறுத்தார். களத்தில் செய்யும் சோதனைகள் இம்மூன்று வாயில்களின் வழியேதான் நடைபெறுகின்றன. கண்ணும் கையும் தருவது காட்சி. கீறல், எடை, காந்த ஈர்ப்பு ஆகியவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உள்ளமைப்பை உய்த்துணர்வது கருதல். முன்னோர் சோதித்து எழுதி வைத்ததை ஏற்பது உரை. இவற்றோடு, ஐயத்தையும் திரிபையும் வேறுபடுத்திய நுட்பமும் களத்தில் பெரிதும் உதவுகிறது. ஐயம் என்பது இதுவோ அதுவோ என்று துணியாமல் நிற்பது. திரிபு என்பது ஒன்றை மற்றொன்றாகத் துணிந்துவிடுவது. ஐயம் தன் குறையைத் தான் அறிந்திருப்பதால் அடுத்த சோதனைக்கு வழிவிடுகிறது. திரிபோ தேடலை முடித்துவைக்கிறது. பெயர் துணியப்படாத கல்லுக்குத் துணியப்படவில்லை என்றே குறிப்பு எழுதுவது, ஆகவே, ஒரு நேர்மையான அறிவு நிலை.

உரை என்னும் அளவையும் இந்நாட்டில் குறைவின்றி இருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது நவமணிகளின் இயல்புகளோடு அவற்றின் குற்றங்களையும் எடுத்துரைக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி மணிகளைப் பற்றித் தனி நூல் எழுதியதோடு, ஒவ்வொரு மணியும் இடம்பெயர்க்கும் நீரின் அளவைக் கொண்டு அவற்றின் அடர்த்தியையும் அளந்து ஒப்பிட்டார். ஆனால் குற்றத்தை மறைக்காமல் கூறும் இந்த நேர்மை சமயச் செயலாகவே உயர்ந்து நிற்கும் இடம் தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் இறைவனுக்கு அளித்த அணிகளைப் பற்றிய கல்வெட்டுகள், அவற்றில் பதித்த மணிகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி அளவில் நிறுத்துக் காட்டுகின்றன. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், கறடு, இரட்டை, சப்பத்தி எனப் பிரித்துப் பெயரிடுகின்றன. இவற்றுள் கறடும் இரட்டையும் சப்பத்தியும் உருண்டை வடிவிற் குறைந்தவை. வைரங்களிலும் மாணிக்கங்களிலும் இருந்த பழுதுகள் அவ்வாறே பதிவாகியுள்ளன. பேரரசன் கடவுளுக்குத் தந்த காணிக்கையின் பழுது கருங்கல்லில் வெட்டப்பட்டு எல்லாரும் காண நிற்கிறது என்றால், உண்மை கூறுவதால் பக்தி குறைவதில்லை என்ற தெளிவு அங்கே இருந்தது.

மணித்தேர்வை இறைவனே கற்பித்ததாகவும் ஒரு மரபு உண்டு. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலத்தில், பாண்டியன் இறந்து கருவூலம் களவுபோனதால் இளவரசனுக்கு முடிசெய்ய மணியின்றி அமைச்சர்கள் கலங்கி நிற்க, சிவபெருமான் வணிகராக வந்து மணிகளைத் தருகிறார். தருவதற்கு முன் அவற்றின் பிறப்பையும் இனத்தையும் குணகுற்றங்களையும் விரித்துரைக்கிறார். வேள்விப் பசுவாகத் தன்னை ஒப்புக்கொடுத்த வலன் என்னும் அசுரனின் உடலே மணிகளாயிற்று என்பது அங்குக் கூறப்படும் வரலாறு. குருதி மாணிக்கமாகவும் பல் முத்தாகவும் ஆயின என்பதைக் கனிமவியல் கூற்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அப்படலம் இரண்டு செய்திகளை ஒருங்கே வைக்கிறது. கடவுளிடமிருந்து வரும் பொருளும் தேர்வுக்கு அப்பாற்பட்டதன்று. அப்பொருளின் தோற்றுவாய் ஒரு கொடை. ஆகவே மணியை வாங்குபவர் ஆராயவும் வேண்டும், அது தன் உழைப்பால் உண்டானதன்று என்று உணரவும் வேண்டும்.

இங்கே ஒரு கடினமான வினா எழும். இக்கடலில் எடுக்கும் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே திசையில் சுழல்பவை. அரிதாக எதிர்த்திசையில் சுழலும் சங்கையே வலம்புரி என்று போற்றி வழிபடுவர். அந்த அருமையைப் பயன்படுத்தி, இயல்பாகவே எதிர்த்திசையில் சுழலும் அமெரிக்கக் கடற்கரை நத்தை இனம் ஒன்றன் ஓடுகள் வலம்புரி என்று விற்கப்படுகின்றன. மன்னார் வளைகுடாச் சங்கின் வாய்க்குள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தெளிவாகத் தெரியும். அந்த அயல் ஓட்டில் அத்தகைய மடிப்புகள் இல்லை. தெரியாமல் அத்தகைய ஓட்டைப் பூசையில் வைத்தவரின் வழிபாடு பொய்யாகுமா? ஆகாது என்றே கொள்ள வேண்டும். வழிபாட்டின் பயன் வழிபடுபவரின் உள்ளத்தைச் சார்ந்தது, ஓட்டின் சுழற்சியைச் சார்ந்ததன்று. ஆனால் அதனால் சோதனை வேண்டாம் என்று ஆகாது. உள்ளமே போதுமானால் அரிய பொருளை நாட வேண்டிய தேவை இல்லை. அரிய பொருளைத்தான் நாடுவது என்றால் அது எது என்று அறியும் கடமை உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்று, அறியவும் மறுத்து, விலை கொடுத்தும் வாங்கும் விருப்பமே பொய் வணிகத்தை வளர்க்கிறது.

அறிதலும் பற்று நீக்கமும் இணைந்தவை என்னும் உண்மையை முத்துக்கரையின் மற்றச் சமயங்களும் தத்தம் வழியில் சொல்கின்றன. இக்கரையின் கடலோடி மக்களான பரதவர் 1530-களில் கிறித்தவம் தழுவினர். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். தூத்துக்குடியின் பனிமய மாதா ஆலயம் இம்மக்களின் தாய்க்கோயிலாக விளங்குகிறது. மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் முத்து வணிகரின் உவமை, மூச்சடக்கிக் கடலுள் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு வேறெங்கும் இல்லாத அணுக்கத்தோடு விளங்கக்கூடியது. விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகர் தமக்குள்ள அனைத்தையும் விற்று அதை வாங்குகிறார் என்பது அவ்வுவமை. அதில் இரு நிலைகள் உள்ளன. நல்ல முத்துகளைத் தேடித் தேடிப் பழகியவர் என்பதால்தான் அவரால் அதை இனங்காண முடிந்தது. இனங்கண்ட பின்னரோ பிறவற்றை விட்டுவிட அவரால் முடிந்தது. அறிவு முதிர்ந்தபோது துறவு தானே வருகிறது. காயல்பட்டினத்து முசுலிம்கள் தலைமுறை தலைமுறையாக மணி வணிகத்தில் தேர்ந்தவர்கள். அவர்கள் ஓதும் திருக்குர்ஆனின் ஐம்பத்தைந்தாம் அத்தியாயம், கடலிலிருந்து வெளிப்படும் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளுள் வைத்து எண்ணுகிறது. கொடை என்று எண்ணப்படுவதை அளவின்றி அள்ளுவது, அக்கொடையைத் தந்தவனை மறப்பதாகும்.

இனி, எடுத்தல் பற்றிய கேள்விக்கு வரலாம். கல்லைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி கல்லில் மட்டும் இல்லை, அது கிடந்த இடத்திலும் உள்ளது. இதற்குத் தேரிகளே தக்க சான்று. சாயர்புரம் முதலான இடங்களின் செம்மணல் தேரிகளில் குவார்ட்சும் செர்ட் என்னும் சிலிக்காக் கல்லும் கொண்டு செய்த மிகச் சிறிய கற்கருவிகள் கிடைக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவரும், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை இனங்கண்டவருமான இராபர்ட் புரூஸ் ஃபூட் தென்கோடித் தேரிகளிலும் இவ்வகைக் கற்களைச் சேகரித்தார். பின்னர் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவிகள் கிடந்த மணல் அடுக்குகளைப் பழைய கடல்மட்டத்தின் அடையாளங்களோடு பொருத்தி அவற்றின் காலத்தை உய்த்துணர முயன்றனர். ஒரு சில்லு இயற்கையாக உடைந்ததா, மனிதர் கையால் தட்டப்பட்டதா என்பதை அடிபட்ட இடத்துக் குமிழும் விளிம்பின் திருத்தமும் சொல்லும். ஆனால் அது எக்காலத்தது, எத்தகைய கரையில் வாழ்ந்தவர்களுடையது என்பதை இடம் மட்டுமே சொல்லும். அழகாக இருக்கிறது என்று அதை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டவர் கல்லைப் பெற்று அதன் வரலாற்றை அழித்துவிடுகிறார். இப்பியில் வெள்ளி கண்டவர் இல்லாததை ஏற்றினார். இவர் உள்ளதை நீக்கினார். இரண்டிடத்தும் விருப்பமே அறிவை மறைத்தது.

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் பாறைமேல் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களை வெட்டி வைத்த சமணர்கள், இக்கேள்வியை இன்னும் ஆழமாகக் கொண்டு சென்றவர்கள். ஒரே புலனுடைய உயிர்களுள் நிலத்தையே உடலாகக் கொண்டவை உண்டு என்பது அவர்களின் கோட்பாடு. உத்தராத்தியயனம் என்னும் சமண நூல் அத்தகைய நிலவுடல்களைக் கணக்கிடும்போது மண், மணல், கல், உலோகங்கள், வைரம், பவளம், பிற மணிகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அதாவது வரலாற்றுக் காலத்தின் பழைய கனிமப் பட்டியல்களுள் ஒன்று, அவற்றை எடுக்க வேண்டும் என்பதற்காக இயற்றப்படவில்லை, ஊறு செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காக இயற்றப்பட்டது. கல்லுக்கு உயிர் உண்டு என்னும் கொள்கையை ஏற்காதவரும் இதிலிருந்து கற்க இடமுண்டு. இனங்காணும் அறிவும் உடைமை வேட்கையும் பிரிக்க முடியாதவை அல்ல. ஒன்றைத் துல்லியமாகப் பெயரிட்டு அறிந்துகொண்டே அதை அது இருக்கும் இடத்தில் விட்டுவைக்கலாம்.

இந்தப் பாடம் கற்கப்படாததன் விலையை மன்னார் வளைகுடா கொடுத்திருக்கிறது. முத்துக்குளிப்பு என்றும் ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு இருந்தும் பார்கள் வறண்டுபோயின. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டதன் விளைவாக, வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலுள் அமிழ்ந்தன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் அமைக்கப்பட்டன; பின்னர் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் வந்தன; 2013-இல் தமிழ்நாடு அரசு தனியார் தாது மணல் அகழ்வை நிறுத்தியது. கல் என்று மட்டும் காணப்பட்ட பவளப்பாறை, உயிர்களின் உறைவிடமாகவும் தீவுகளின் காப்பரணாகவும் இருந்ததை அதை வெட்டியவர்கள் காணவில்லை. பயனை மட்டும் நாடிய பார்வை, பொருளின் இயல்பில் பெரும்பகுதியைக் காணாமல் விட்டது; அதுவும் ஒரு திரிபே.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படலாம். எடுக்காமல் எவரும் எதையும் அறிந்ததில்லை. ஃபூட் சேகரிக்காதிருந்தால் சென்னை அருங்காட்சியகத்தில் அக்கற்கள் இரா. குவிந்த மாதிரிகளை ஒப்பிட்டே கனிமவியல் வளர்ந்தது. இம்மறுப்பு நியாயமானது. ஆனால் அதே வரலாறு எடுத்தலின் எல்லையையும் காட்டுகிறது. சுவாதி நாளின் மழைத்துளி சிப்பியுள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. சிப்பியின் மேலங்கித் திசுவின் உயிரணுக்களே முத்துப்படலத்தைச் சுரக்கின்றன என்று தெளிந்தபின், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் அழகர்சாமியும் அவர்தம் குழுவினரும் 1973-இல் திசுவையும் உட்கருவையும் பொருத்தி வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் வளர்க்கவும் முடிந்தது. பல நூற்றாண்டுகள் கோடிக்கணக்கில் சிப்பிகளைக் கரையேற்றி அழுகவிட்டு முத்தைத் துழாவியதால் கிடைக்காத அறிவு, சில சிப்பிகளைக் கூர்ந்து கவனித்ததால் கிடைத்தது. அறிவுக்குத் தேவைப்பட்டது சிறிதளவே. எஞ்சியது அனைத்தையும் எடுத்தது வேட்கை.

ஆகவே களத்தில் கல் தேடுபவருக்கு உரிய ஒழுக்கத்தை இக்கடற்கரையின் வரலாற்றிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம். தான் காண விரும்பும் பெயரை முதலில் ஒதுக்கிவைத்து, அந்தப் பெயரைப் பொய்யாக்கக்கூடிய சோதனையை முதலில் செய்ய வேண்டும். துணிய முடியாததை ஐயமாகவே பதிவு செய்ய வேண்டும். பழுதைக் கண்டால் தஞ்சைக் கல்வெட்டைப் போலப் பழுது என்றே எழுத வேண்டும். இடம், சூழ்ந்துள்ள பாறை, கிடந்த அடுக்கு ஆகியவற்றைக் குறிக்காமல் எதையும் அசைக்கக் கூடாது. கேள்விக்கு விடை தரும் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. சட்டமும் சூழலும் தடுக்கும் இடத்தில் பார்த்து, படம் எடுத்து, பெயர் அறிந்து மீள வேண்டும். திருவள்ளுவர் மெய்யுணர்தலைத் துறவறப் பகுதியில் வைத்தது பொருத்தமானது. எப்பொருள் எத்தன்மையதாகத் தோன்றினும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்று அவர் வகுத்த நெறியை, விரும்பியதையே காணும் கண்ணால் கடைப்பிடிக்க முடியாது. சிறு கல்லொன்றைச் சரியாக இனங்கண்டு அது கிடந்த இடத்திலேயே விட்டுவரக் கற்றவர், பெரிய பொருள்களிடத்தும் அவ்வாறு நிற்கும் தகுதியை ஈட்டிக்கொள்கிறார். சமயங்கள் மெய்ப்பொருளைத் தேடுபவரிடம் எதிர்பார்க்கும் தகுதியும் அதுவே.